பள்ளம் இல்லாத கோடு

இல்ல மேடம், அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். போன தடவை சோதனைக்கு வந்த சார், எல்லாம் திருப்தின்னு எழுதிக் கையெழுத்துப் போடப் போனப்ப அப்படியே ஒரு பக்கமா சாஞ்சுட்டார். திருப்திங்கிற எழுத்து காகிதத்தை விட்டே வெளிய போயிடுச்சு. இதுல உக்காருங்க. ஃபேன் போடவா? சரி.

பென் டிரைவை இப்படி மேசை மேல வைங்க. கம்ப்யூட்டருக்கு நான் எழுதின ஸ்கிரிப்டைத் தரேன் மேடம், தராம எங்க போகப் போறேன். ஒரு பிரிண்ட் ஓடிட்டிருக்கு, அது முடியட்டும். இந்தக் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு, ஒரு நேரத்துல ஒரு வேலைதான் செய்யும். ரெண்டு சொன்னா ரெண்டையும் விட்டுட்டு சும்மா நிக்கும். எங்க வீட்டுக்காரர் மாதிரியேன்னு வச்சுக்குங்களேன். இன்னும் ஒரு பதினஞ்சு பக்கம் இருக்கு. அதுக்குள்ள டீ வந்துடும்.

முகமா? ஆமா, காலையிலேர்ந்து எல்லாரும் கேக்கறாங்க. நாலு நாளாச் சரியாத் தூங்கல மேடம். பொண்ணுக்குக் கடவாப்பல்லு முளைக்குது. ஒண்ணரை வயசு. அவ கடிச்சுப் பாக்காத பொருள் வீட்டுல கிடையாது. டிவி ரிமோட்ல நாலாம் நம்பரைக் கடிச்சே எடுத்துட்டா. இப்ப நாலு வர்ற சேனல் எதையும் நாங்க பாக்கறதில்ல, எங்க மாமியாருக்குத்தான் வருத்தம், அவங்க தொடர் அதுலதான் வருது. உங்களுக்கு எத்தனை பசங்க? ரெண்டா. வளந்துட்டாங்களா. அப்ப பல்லு, காய்ச்சல், ஊசி எல்லாம் மறந்தே போயிருக்கும்.

கவர்ல என்ன இருக்குன்னு தெரியும் மேடம். நீங்க வண்டியை விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே மேனேஜர் ஓடிவந்து சொல்லிட்டார். நிரந்தரம்கிற வார்த்தையையே மூணு தடவை சொன்னார், என்னமோ அவருக்கு வந்த ஆர்டர் மாதிரி. நல்ல மனுஷன். மூணு வருஷமா தற்காலிகம்னு போட்ட அட்டையைக் கழுத்துல மாட்டிட்டிருக்கேன். அதுல என் போட்டோ கூட அழிஞ்சுபோச்சு, தற்காலிகம் மட்டும் அழியல. ஆனா அந்தக் கவர் இப்போதைக்கு உங்க பையிலயே இருக்கட்டும். நான் இந்த ஸ்கிரிப்டை எப்படி எழுதினேன்னு முதல்ல சொல்லிடறேன். நாப்பது கிடங்குக்கும் கொண்டுபோகப் போறீங்க. அங்க என்னை மாதிரி ஒருத்தி கேட்டா, நீங்க பதில் சொல்லணுமில்ல?

முன்னாடி எல்லாம் பென்சில்தான் மேடம். நம்ம தடுப்பூசிக் கிடங்குல மூணு குளிர் ரூம் இருக்கில்ல, ஒவ்வொரு ரூம்லயும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கருவி குளிரை அளந்து வச்சுக்கும். திங்கக்கிழமை காலையில அதையெல்லாம் கோடாப் போட்டு எடுத்து, இந்த மேசையில விரிச்சு, நான் உக்காந்து குறிக்கணும். ரெண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவுல கோடு ஓடுச்சுன்னா ஒண்ணும் பண்ண வேணாம். எட்டுக்கு மேல ஏறுச்சுன்னா அது மேடு, சிவப்புப் பென்சில். ரெண்டுக்குக் கீழ இறங்குச்சுன்னா பள்ளம், நீலப் பென்சில். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல என்ன நேரம், எத்தனை டிகிரி, என்ன காரணம்னு எழுதணும். கதவு திறந்தது, பெட்டி ஏத்தினது, கரெண்ட் போனது. சிவப்புப் பென்சில் மாசத்துக்கு ரெண்டு தீரும். நீலம் நான் வேலைக்குச் சேந்தப்ப குடுத்தது, அதே பென்சில்தான்.

அதுக்காகப் பள்ளம் சின்ன விஷயம் இல்ல. உங்களுக்குத் தெரியாததா? சூடு பட்டா மருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் கெடும். ஆனா சில மருந்து ஒரே ஒரு தடவை உறைஞ்சு போச்சுன்னா அவ்வளவுதான். மறுபடி உருகி, பாக்க அதே மாதிரி இருக்கும், புட்டி அதே புட்டி, தேதி அதே தேதி, உள்ள சத்து இருக்காது. குத்தினா வெறும் குத்தல்தான் மிச்சம். ஆனா இங்க எல்லாருக்கும் பயம் மேட்டு மேலதான். மேடு வந்தா மேனேஜர் ஸ்கேலை எடுத்துட்டு வந்து கோட்டு மேல வச்சுப் பாப்பார், எத்தனை மில்லிமீட்டர் ஏறியிருக்குன்னு. அதனாலயே அவருக்கு இங்க ஸ்கேல்னு பேரு. நான் வைக்கல மேடம், டிரைவருங்க வச்சது. பள்ளம்னா ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. சில்லுன்னு இருக்குன்னா நல்லதுதானேன்னு ஒரு நினைப்பு.

டீ வந்துடுச்சு. எடுத்துக்குங்க. சக்கரை கம்மியாத்தான் போடுவாங்க.

எங்க விட்டேன்? ஆங், பென்சில். பொண்ணு பொறந்து நான் திரும்ப வேலைக்கு வந்தப்ப வேலை மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. வீட்டுக்கும் எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சேன். ஒரு மடியில பொண்ணு, ஒரு மடியில கோடு. ஒரு தடவை சிவப்புப் பென்சிலை அவ வாங்கி ஒரே இழுப்பு. ஒரு வாரத்துக் கோட்டுக்கு நடுவுல ஒரு பெரிய மேடு. ஸ்கேல் அதைப் பாத்துட்டு, என்னம்மா இது, முப்பத்தோரு டிகிரி போயிருக்குன்னு நெஞ்சைப் பிடிச்சுட்டார்.

அப்பதான் எங்க நாத்தனார் பத்து நாள் லீவுல வந்தா. வீட்டுக்காரரோட தங்கச்சி, கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா. என்னைப் பாத்துட்டு, என்ன அண்ணி, இந்தக் காலத்துல போய் பென்சிலால புள்ளி வச்சுட்டிருக்கீங்க, ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா கம்ப்யூட்டரே மேடு எது பள்ளம் எதுன்னு பாத்து எழுதிடுமேன்னா. அப்ப நீ எழுதிக் குடேன்டின்னேன். மாட்டேன், நான் எழுதித் தந்தா அது எப்ப நின்னாலும் எனக்குத்தான் போன் வரும், நீங்களே எழுதுங்கன்னுட்டா. வாயாடி. ஆனா சொல்லிக் குடுத்தா மேடம், நான் வெங்காயம் உரிச்சுட்டே கேட்டேன்.

நான் படிச்சது கிராமத்துப் பள்ளிக்கூடம். எங்க கணக்கு டீச்சர் கிராஃப் பேப்பர் ஒண்ணை நாலாக் கிழிச்சு நாலு பேருக்குக் குடுப்பாங்க, அதனால என் கோடெல்லாம் சின்னதாத்தான் வரும். எனக்குப் போய் கம்ப்யூட்டருக்கு எழுதறதான்னு பயமாத்தான் இருந்துச்சு. அவ சொன்னா, பயப்பட ஒண்ணுமில்ல அண்ணி, மேடுன்னா என்ன? தனக்கு முன்னாடி இருக்கிற நம்பரை விடவும் பின்னாடி இருக்கிற நம்பரை விடவும் எது பெருசோ அது மேடு. எது சின்னதோ அது பள்ளம். அவ்வளவுதான்னா. அப்ப இந்த வீட்டுல உங்க அம்மாவுக்கும் உங்க அண்ணனுக்கும் நடுவுல நான்தான் பள்ளம்னேன். உள்ள இருந்து எங்க மாமியார், காது கேக்குதுன்னாங்க.

சிரிங்க மேடம், பரவாயில்ல.

முதல் தடவை ஓட்டினப்ப என்ன ஆச்சு தெரியுமா? கோடு கொஞ்சம் நடுங்கினாக்கூட அது மேடுன்னு எழுதிடுச்சு. ஒரு நாளைக்கு நூத்துக்கு மேல. காகிதம் பூரா எழுத்து, எறும்புப் புத்து உடைஞ்ச மாதிரி, கோடே தெரியல. அப்புறம் நிபந்தனை போட்டோம். எட்டுக்கு மேல போனா மட்டும் எழுது. ரெண்டு மேட்டுக்கு நடுவுல அரை மணி நேரமாவது இருக்கணும். எழுத்து கோட்டு மேல ஏறாம கொஞ்சம் தள்ளி உக்காரட்டும். ஒவ்வொண்ணாச் சரிபண்ணிச் சரிபண்ணி, பத்தாம் நாள் அவ பஸ் ஏறப்போற அன்னிக்கு சரியா வந்துடுச்சு. இங்க வந்து சோதிச்சும் பாத்தோம். காலி ரூம்ல கதவைக் கால் மணி நேரம் திறந்து வச்சோம், நான் ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம், கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி. கோடு எழுந்துச்சு, உச்சியில டக்குன்னு சிவப்பு எழுத்து. பத்தரை டிகிரி, பதினொண்ணு இருபதுன்னு. ஸ்கேல் கையைத் தட்டிட்டார். அவர் கைதட்டி அன்னிக்குத்தான் பாத்தேன்.

ஆ, வாங்க சார். இல்ல சார், இன்னும் குடுக்கல. பிரிண்டர் சூடாயிடுச்சு சார், அதான் மெதுவா வருது. மேடம் டீ குடிக்கறாங்க. ஆமா சார். குடுத்துடறேன் சார். கதவைச் சாத்திட்டுப் போங்க சார்.

பாவம், அவருக்கு இருப்புக் கொள்ளல. மாதிரிக் கிடங்குன்னு வாசல்ல பலகை வைக்கப் போறாங்களாமே? அளவெல்லாம் எடுத்து வச்சுட்டார்.

பள்ளமா? கேட்டீங்க பாருங்க. அதுக்குத்தான் வர்றேன். பள்ளத்துக்கு எழுதறப்ப நாத்தனார் ஊருக்குப் போயிட்டா. போன்லதான் சொன்னா. அண்ணி, பள்ளத்துக்குன்னு தனியா மூளையைக் கசக்க வேணாம், கோட்டைத் தலைகீழாப் புரட்டுங்க, பள்ளமெல்லாம் மேடாயிடும், அப்புறம் மேட்டுக்கு எழுதின அதே வரியைக் காப்பி பண்ணி எல்லையை மட்டும் மாத்துங்கன்னா. புரட்டறதுன்னா ஒண்ணும் கஷ்டமில்ல மேடம், எல்லா நம்பருக்கும் முன்னாடி மைனஸ் போட்டாப் போதும். அஞ்சு மைனஸ் அஞ்சாயிடும், மைனஸ் ஒண்ணு வெறும் ஒண்ணாயிடும். கீழ இருந்தது மேல, மேல இருந்தது கீழ. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது. பொண்ணு ஒரு பக்கம் அழுதுட்டிருக்கா, பால் ஒரு பக்கம் பொங்குது, நான் ஒரு கையால காப்பி பண்ணி, எட்டை எடுத்துட்டு ரெண்டைப் போட்டு, ஓட்டினேன். சிவப்பா ஒரு திட்டும் வரல. தப்பு இருந்தாக் கம்ப்யூட்டர் சிவப்புல இங்கிலீஷ்ல திட்டும், அதை நான் முழுசாப் படிக்க மாட்டேன், எந்த வரின்னு மட்டும் பாப்பேன். திட்டு வரலேன்னா சரியா இருக்குன்னு அர்த்தம்னு நினைச்சுட்டிருந்தேன். வீட்டுலயும் அப்படித்தானே இருக்கோம்.

இல்ல மேடம், பள்ளத்தைச் சோதிக்கல. எப்படிச் சோதிக்கறது? மேடுன்னா கதவைத் திறந்து வச்சாப் போதும். பள்ளத்துக்கு ரூமை உறைய விடணும். காலி ரூமுன்னாலும் ஸ்கேல் விடுவாரா? மிஷினுக்கு எதாவது ஆயிட்டா யாரு பொறுப்புன்னார்.

அதுக்கப்புறம் ஏழு மாசம். என் வேலை எட்டு மணி நேரத்துலேர்ந்து நாப்பது நிமிஷம் ஆயிடுச்சு. திங்கக்கிழமை காலையில பட்டனைத் தட்டிட்டு டீ குடிக்கப் போனா, திரும்பி வரும்போது பிரிண்டர் தட்டுல காகிதம் தயாரா இருக்கும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனேன். பொண்ணு முதல் அடி எடுத்து வச்சதை நான் பாத்தேன் மேடம், யாரும் போன்ல எடுத்துக் காட்டல. அது இந்த ஸ்கிரிப்ட் குடுத்தது. அதை நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

கோடும் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. முன்னாடி வாரத்துக்கு ஒரு காகிதம், இப்ப மாசம் பூரா ஒரே காகிதம். மேட்டுல அங்கங்க சிவப்பு எழுத்து, எல்லாத்துக்கும் காரணம். பள்ளத்துல நீல எழுத்து ஒண்ணுகூடக் கிடையாது. உங்க ஆபீஸ்லேர்ந்து பாராட்டுக் கடிதம் வந்துச்சே, அதுல என்ன எழுதியிருந்துச்சு? ஏழு மாசமாப் பள்ளமே பதிவாகாத ஒரே கிடங்குன்னு. ஸ்கேல் அதை லேமினேட் பண்ணி, இதோ பாருங்க, உங்க தலைக்குப் பின்னாடிதான் மாட்டியிருக்கார்.

ஆமா. பதிவாகாத. சரியாத்தான் எழுதியிருக்காங்க.

இருங்க, இந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. இந்த பிரிண்டருக்குக் காகிதத்தை நீட்டினா வாங்காது, கொஞ்சம் கெஞ்சணும். ம், போ. போயிடுச்சு. இன்னும் மூணு பக்கம்தான்.

பாக்கறீங்களா? பாருங்க. கண்ணாடி போட்டுக்குங்க. இல்ல, இது ஸ்கிரிப்ட் இல்ல மேடம். இது அதே ஏழு மாசத்துக் கோடு. ஆமா, நீங்க ஆபீஸ்ல பாத்த அதே கோடுதான், ஒரு நம்பரைக்கூட நான் மாத்தல. நீல எழுத்தா? ஆமா. ஆறு இடம். எல்லாம் ரெண்டாவது ரூம். அந்த ரூம்ல வெயில் காலத்துல மெக்கானிக் வந்து குமிழைத் திருகி வச்சுட்டுப் போனார், திரும்ப இளக்கவே இல்ல. ரெண்டு நாள் சேந்தாப்ல லீவு வந்தா கதவைத் திறக்க ஆள் இருக்காது, உள்ள குளிர் ஏறிக்கிட்டே போகும். மைனஸ் ஒண்ணு. மைனஸ் ஒண்ணரை. ஒரு தடவை மைனஸ் ஒண்ணு புள்ளி எட்டு. திங்கக்கிழமை நாங்க வந்து கதவைத் திறந்ததும் சரியாப் போயிடும். எங்க கண்ணுல பட்டது சரியாப் போனது மட்டும்தான்.

ஏன் எழுதலயா? கோட்டைப் புரட்டினேனில்ல மேடம், எல்லையைப் புரட்ட மறந்துட்டேன். ரெண்டுன்னு போட்டேன். மைனஸ் ரெண்டுன்னு போட்டிருக்கணும். அதனால அது என்ன புரிஞ்சுக்கிச்சுன்னா, மைனஸ் ரெண்டுக்கும் கீழ போனாத்தான் பள்ளம், அதுவரைக்கும் வாயைத் திறக்காதேன்னு. நம்ம ரூம் அவ்வளவு கீழ போகவே இல்ல. மருந்து உறையறதுக்கு அவ்வளவு போகவும் வேணாம். அது பாட்டுக்கு நான் சொன்னதைத்தான் செஞ்சுது.

காகிதத்துல கோடு இறங்கியிருந்துச்சேன்னு கேப்பீங்க. இறங்கித்தான் இருந்துச்சு. மாசம் பூரா ஒரே காகிதத்துல அடைச்சா ஆறு மணி நேரப் பள்ளம் தலைமுடி மாதிரித்தான் தெரியும். எழுத்து இருக்கிற இடத்தைத்தான் எல்லாரும் பாத்தோம். எழுத்து இல்லாத இடத்தை எதுக்குப் பாக்கணும்? பென்சில் பிடிச்சப்ப நான் ஒவ்வொரு இடமா விரல் வச்சுப் பாத்தவதான். பட்டனைத் தட்ட ஆரம்பிச்சப்புறம் நானும் பாக்கல.

உக்காருங்க மேடம். ஸ்கேலைக் கூப்பிட வேணாம், கொஞ்சம் இருங்க. அவருக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா முதல்ல அந்தக் கடிதத்தைக் கழட்டுவார், அப்புறம்தான் யோசிப்பார். அவரை வேணும்னா நான் சமாளிச்சுக்கறேன்.

எங்க வீட்டுக்காரர்கிட்ட நேத்து சாயங்காலமே சொன்னேன். பட்டறையில வெல்டர் அவர். கைகழுவிட்டு நின்னு கேட்டார். ஒரு மைனஸ் கோடுதானே விட்டுப்போச்சு, போட்டுட்டியா? போட்டுட்டேன். அப்ப நாளைக்கு அதைக் குடு, ஆர்டரை வாங்கு, ஒரு வாரம் போகட்டும், அப்புறம் இப்பதான் கண்டுபிடிச்ச மாதிரி சொல்லு, யாருக்குத் தெரியப் போகுதுன்னார். கெட்டவர் இல்ல மேடம். மூணு வருஷமா என் கழுத்து அட்டையை அவரும்தானே பாக்கறார். வெல்டிங்ல ஓட்டை விழுந்தா மேல இன்னொரு சொட்டு வைப்பாங்க, தேய்ச்சா தெரியாது. அந்த நினைப்புல சொல்றார். நானும் நேத்து ஒரு மணி நேரம் அப்படித்தான் நினைச்சேன், இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன். எழுதினது நான், கண்டுபிடிச்சது நான், மூடினாலும் நானே மூடலாம். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அப்புறம் எந்தப் பெட்டி எங்க போச்சுன்னு தேட உக்காந்தேன்.

இந்தாங்க, கடைசிப் பக்கம் வந்துடுச்சு. இது கோடு இல்ல, பட்டியல். பள்ளம் விழுந்த ஆறு தேதிக்கும் அப்புறம் ரெண்டாவது ரூம்லேர்ந்து உறையக் கூடாத மருந்து எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னு நானே ஒவ்வொண்ணாப் பாத்துத் தட்டி வச்சிருக்கேன். ஒம்பது ஆஸ்பத்திரி, முப்பத்தி நாலு பெட்டி. இங்க மிச்சம் இருக்கிறதைத் தனி அலமாரியில வச்சுத் தொடாதீங்கன்னு காகிதம் ஒட்டிட்டேன். ஆனா வெளிய போனதை நிறுத்தி வைங்கன்னு நான் சொன்னா யாரு கேப்பாங்க? தற்காலிகம் சொல்லி யாரும் பெட்டியை மூட மாட்டாங்க. அதுக்கு உங்க கையெழுத்து வேணும். அதனாலதான் நீங்க வர்ற வரைக்கும் காத்திருந்தேன். காலையில ரெண்டு தடவை உங்களுக்குப் போன் பண்ணேன், நீங்க வண்டியில இருந்திருப்பீங்க, சிக்னல் கிடைக்கல.

ஸ்கிரிப்டை எடுத்துக்குங்க, இப்ப சரியா இருக்கு. ஆனா எந்தக் கிடங்குல போட்டாலும் முதல்ல பொய்யா ஒரு பள்ளத்தை எழுதிக் குடுத்துப் பாக்கச் சொல்லுங்க. ரூமை உறைய விட வேணாம், நடுவுல ஒரு இடத்துல மைனஸ் ஒண்ணுன்னு நாமளே தட்டி வச்சாப் போதும், நீல எழுத்து வருதான்னு தெரிஞ்சுடும். அஞ்சு நிமிஷ வேலை. எனக்கு அது நேத்துதான் தோணுச்சு. கவரை நீங்க திருப்பி எடுத்துட்டுப் போறதானாலும் போங்க. குடுக்கறதானாலும் இதையெல்லாம் உங்க ஆபீஸ்ல காட்டினப்புறம் குடுங்க.

எப்படிக் கண்டுபிடிச்சேனா?

நானா எங்க கண்டுபிடிச்சேன் மேடம். அடுத்த தெரு ஆஸ்பத்திரியில நர்ஸக்கா ஒருத்தங்க இருக்காங்க. வெள்ளிக்கிழமை எம்பொண்ணுக்கு ஒண்ணரை வயசு ஊசி. நம்ம கிடங்கு மருந்துதான் அங்க போகுது. அந்தக்கா புட்டியைக் குலுக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க. மறுபடி குலுக்கினாங்க. என்னவோ சீக்கிரமா அடியில உக்காருதே, சுண்ணாம்புத் தண்ணி மாதிரின்னாங்க. உறைஞ்சு உருகின மருந்து அப்படித்தான் உக்காருமாம். புட்டியைத் தட்டுல வச்சுட்டு என்னைத்தான் கேட்டாங்க. நீதானேம்மா அங்க கோடு பாக்கறவ, பள்ளம் எதாவது விழுந்துச்சான்னு. நான் போனை எடுத்துக் கோட்டைக் காட்டினேன். பெருமையா வேற இருந்துச்சு, பின்னாடி நின்ன அம்மாமாருங்கெல்லாம் எட்டிப் பாத்தாங்க. ஏழு மாசமா ஒண்ணுகூட இல்லக்கா, பாருங்க, எங்களுக்குக் கடிதமே வந்திருக்கு, எடுத்துப் போடுங்கக்கான்னேன். சரி, நீயே சொல்றேன்னா சரிதான்னுட்டு எடுத்தாங்க.

முதல் ஊசி எம்பொண்ணுக்கு. அவளுக்குப் பின்னாடி இருபத்தோரு பிள்ளைங்க.

ஆனா வீட்டுக்கு வந்தப்புறமும் அந்த உக்காருதேங்கிற வார்த்தை போகவே இல்ல. நேத்து ஆபீஸ் திறந்ததும் ஸ்கிரிப்டை ஓரமா வச்சுட்டு, வெறும் நம்பரை மட்டும் எடுத்து சின்னதுலேர்ந்து பெருசா அடுக்கினேன். மேல முதல் நம்பரே மைனஸ் ஒண்ணு புள்ளி எட்டு.

இன்னிக்குக் காலையில நர்ஸக்காகிட்ட போய்ச் சொன்னேன். திட்டல. திட்டியிருக்கலாம். நாலு மணிக்கு அந்த இருபத்திரண்டு வீட்டையும் வரச் சொல்லியிருக்காங்க, மறுபடி எப்ப போடணும்னு டாக்டர் சொல்வார். நான்தான் சந்தேகப்பட்டும் போட்டேன், நானே பேசிக்கறேன், நீ வராதே, கைக்குழந்தைக்காரின்னாங்க. அதெப்படி மேடம்? இப்ப மூணே முக்கால் ஆச்சு, நான் கிளம்பணும், நீங்க கையெழுத்துப் போட்டுட்டே இருங்க. அவங்க புட்டியைக் கீழ வச்சுட்டாங்க. எடுத்துப் போடுங்கக்கான்னு சொன்னவ நான்.